விர்டுஸ்: ஒரு லிட்டரா, ஒன்றரை லிட்டரா?

ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ் வாங்க நினைப்பவர்களுக்குக் காரைப் பற்றிய சந்தேகம் அதிகம் இருப்பதில்லை. 4,561 மில்லிமீட்டர் நீளம், 521 லிட்டர் டிக்கி, 2023 ஏப்ரலில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வாங்கிய 5 நட்சத்திரம், கதவை மூடும்போது வரும் அந்த 'டப்' சத்தம் என்று மனம் ஏற்கெனவே இறங்கிவிட்டிருக்கும். இழுபறியெல்லாம் அதற்குப் பிறகுதான். 1.0 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) என்ஜின் போதுமா, 1.5 டிஎஸ்ஐ வேண்டுமா? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? வசதிப் படிகளில் ஹைலைனோடு நிறுத்திக்கொள்வதா, டாப்லைனுக்கு ஏறுவதா, இன்னும் கொஞ்சம் கடன் போட்டு ஜிடி பிளஸ்ஸே எடுத்துவிடுவதா?

மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரியும். ஆனால் கம்பெனி மூன்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. 2022 ஜூன் 9 அன்று கார் விற்பனைக்கு வந்தபோது கம்ஃபர்ட்லைன், ஹைலைன், டாப்லைன் மூன்றுக்கும் 1.0 லிட்டர் என்ஜின் மட்டும்தான். அந்த வரிசைக்கு 'டைனமிக் லைன்' என்று பெயர். 1.5 லிட்டர் வேண்டுமென்றால் 'பெர்ஃபார்மன்ஸ் லைன்' பக்கம் போக வேண்டும். அங்கே இருந்தது ஜிடி பிளஸ் ஒன்றே, அதிலும் 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச்) ஆட்டோமேட்டிக் மட்டுமே. ஜிடி பிளஸ்ஸில் 6 கியர் மேனுவல் வந்தது 2023-இல். வசதிகளைக் கொஞ்சம் குறைத்த ஜிடி வேரியன்ட்டும் அதே ஆண்டில் வந்தது. சன்ரூஃபெல்லாம் வேண்டாம், பெரிய என்ஜினைக் கொடுத்தால் போதும் என்று கேட்பவருக்கு முதல் ஒரு வருடம் இந்தக் காரில் இடமே இருக்கவில்லை.

இந்தக் காரில் கியர்பாக்ஸை முதலில் முடிவு செய்ய வேண்டும், அதற்குப் பிறகு என்ஜினை, கடைசியாக வேரியன்ட்டை என்பது என் கட்சி. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். சக்கரத்துக்குள் தெரியும் சிவப்பு பிரேக் கேலிப்பரைப் பார்த்து வேரியன்ட்டைப் பிடித்துவிடுகிறார்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகின்றன.

விலைப் படிக்கட்டு

அறிமுகத்தின்போது இருந்த ஷோரூம் விலைகளைக் கொஞ்சம் பார்ப்போம். கம்ஃபர்ட்லைன் மேனுவல் 11.21 லட்சம். ஹைலைன் மேனுவல் 12.97, ஆட்டோமேட்டிக் 14.27. டாப்லைன் மேனுவல் 14.41, ஆட்டோமேட்டிக் 15.71. ஜிடி பிளஸ் டிஎஸ்ஜி 17.91. அதற்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது, 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது இறங்கியும் இருக்கிறது. இன்றைய தொகையை ஷோரூமில் கேட்டுக்கொள்ளலாம். படிக்கட்டு எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பார்க்க இந்தப் பழைய எண்களே போதும்.

ஹைலைன் ஆட்டோமேட்டிக்குக்கும் டாப்லைன் மேனுவலுக்கும் இருந்த இடைவெளி 14,000 ரூபாய்தான். ஏறக்குறைய ஒரே காசுக்கு, இடது காலுக்கு ஓய்வு வேண்டுமா, தலைக்கு மேல் சன்ரூஃபும் முதுகுக்குக் காற்று வீசும் சீட்டும் வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஊருக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டுகிறவர் இங்கே டாப்லைனை எடுத்தால், ஒவ்வொரு சிக்னலிலும் அந்த 14,000 நினைவுக்கு வரும். ஆரம்பத்தில் டாப்லைனுக்கு ஏற ஒரு நியாயம் இருந்தது: 6 ஏர்பேக் அங்கேதான் தொடங்கியது. 2024-இல் எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக் கொடுத்துவிட்டார்கள். வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்சி முதலிலிருந்தே எல்லாவற்றிலும் உண்டு. ஆகவே பாதுகாப்பைச் சொல்லி மேலே ஏற்றும் விற்பனைப் பேச்சுக்கு இப்போது அவ்வளவு பலம் இல்லை.

டாப்லைன் ஆட்டோமேட்டிக்கிலிருந்து ஜிடி பிளஸ் டிஎஸ்ஜிக்கு 2.20 லட்சம் கூடுதல். தமிழ்நாட்டில் அது அதோடு நிற்காது. 2023 நவம்பரில் மாற்றிய சாலை வரியின்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம். 2.20 லட்சத்துக்கு மட்டும் 39,600 ரூபாய் வரி. இன்சூரன்ஸையும் சேர்த்தால் என்ஜினை மாற்றும் ஆசைக்கு ஆன்ரோடு விலையில் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகிவிடும்.

இன்சூரன்ஸில் ஒரு சின்ன விஷயம். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான பிரீமியம் என்ஜின் அளவை வைத்துப் பிரிக்கப்படுகிறது. 1.0 டிஎஸ்ஐ 999 சிசி, அதனால் 1000 சிசிக்குள் அடங்கும் பிரிவு. 1.5 டிஎஸ்ஐ 1,498 சிசி, அடுத்த பிரிவு. 2022-இல் அறிவித்த கட்டணப்படி முதலாவதுக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், இரண்டாவதுக்கு 3,416. புதிய காருக்கு மூன்று ஆண்டு சேர்த்துக் கட்டினால் 6,521-உம் 10,640-உம். காரின் விலைக்கு முன்னால் இது சில்லறைதான். ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வரும்.

சின்ன என்ஜின் என்பதால் வரிச் சலுகை உண்டா? கிடையாது. 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்குக் குறைந்த வரி கிடைக்க, நீளமும் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். விர்டுஸ் அதை அரை மீட்டருக்கு மேல் தாண்டிவிட்டது. முன்பு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 45 சதவீதம், இப்போது 40 சதவீதம், இரண்டு என்ஜினுக்கும் ஒரே கணக்கு. 999 சிசி என்ஜினை வைத்துக்கொண்டு பெரிய காரின் வரியைக் கட்டுகிறோம்.

இரண்டு என்ஜினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

இரண்டுமே இஏ211 என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ உண்டு, நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பாய்ச்சும் முறை உண்டு. 1.0-க்கு 3 சிலிண்டர். 115 பிஎஸ் சக்தி, 178 என்எம் டார்க், அதாவது இழுக்கும் திறன். 1.5-க்கு 4 சிலிண்டர். 150 பிஎஸ், 250 என்எம். சக்தியில் வித்தியாசம் 30 சதவீதம், டார்க்கில் 40 சதவீதம். விளம்பரம் 150 பிஎஸ் பற்றித்தான் பேசும். தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரிவது அந்த 40 சதவீதம்.

அதற்காக 1.0-ஐ ஏழைப் பிள்ளையாக நினைக்க வேண்டாம். ஒரு லிட்டர் என்றதும் ஆல்டோ ஞாபகம் வருகிற பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. "இம்மாம் பெரிய வண்டிய ஒரு லிட்டர் எப்படிப்பா இழுக்கும்?" என்று ஒரு மாமா கட்டாயம் கேட்பார். அவரிடம் ஹோண்டா சிட்டியைக் காட்டலாம். அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் தருவது 121 பிஎஸ், 145 என்எம். அந்த 145-உம் என்ஜின் நிமிடத்துக்கு 4,300 சுற்று சுற்றும்போதுதான் முழுதாக வரும். விர்டுஸின் 1.0 என்ஜினோ 178 என்எம்மை 1,750 சுற்றிலேயே கொடுத்து 4,500 வரை பிடித்துக்கொள்கிறது. வேகம் எடுத்துவிட்ட பிறகு மூன்றாவது, நான்காவது கியரில் இது இழுக்கும் இழுப்பைப் பார்த்தால் மாமா வாயைத் திறக்க மாட்டார்.

சிக்கல் 1,750-க்குக் கீழே இருக்கிறது. அங்கே டர்போ இன்னும் விழித்திருக்காது. நிஜமாகவே ஒரு லிட்டர் என்ஜினை மட்டும்தான் நாம் ஓட்டுகிறோம். இரண்டாவது கியரில் ஸ்பீடு பிரேக்கரை ஊர்ந்து ஏறி இறங்கி ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று கிளம்பும். டபுள்ஸ் ஏற்றிக்கொண்டு சைக்கிளின் முதல் மிதி மிதிப்பது போல. மேனுவல் வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாளில் முதல் கியருக்கு இறங்கிக்கொள்ளவோ, கிளட்சைக் கொஞ்சம் வழுக்கவிடவோ பழகிவிடுவார்கள். இது குறை என்பதை விட, ஓட்டுகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய குணம். கற்றுக்கொள்ள விருப்பமில்லாதவர்களும் வீட்டில் அந்தக் காரை ஓட்டுவார்கள் என்பதுதான் பிரச்சினை. 3 சிலிண்டரின் லேசான அதிர்வும் சிக்னலில் நிற்கும்போது தெரியும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

1.5-இல் முழு டார்க் 1,600 சுற்றிலேயே வந்துவிடும். 150 சுற்றுதான் வித்தியாசம் என்று எண்ணைப் பார்த்தால் அலட்சியமாக இருக்கும். ஆனால் அதற்குக் கீழேயும் அரை லிட்டர் கூடுதல் என்ஜின் உட்கார்ந்திருக்கிறது அல்லவா, அந்த வெற்றிடம் அவ்வளவாகத் தெரிவதில்லை. மூன்றாவது கியரில் தெருவுக்குள் ஊர்ந்து, அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 9 நொடி போதும் என்பது இதன் பெருமை. எனக்கு அந்த 9 நொடியை விட மூன்றாவது கியர் சோம்பேறித்தனம்தான் அதிகம் பிடிக்கும்.

இன்னொரு வித்தை இந்த என்ஜினுக்கு உண்டு. சமமான சாலையில் ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்து ஒரே வேகத்தில் போகும்போது நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டர்களின் வால்வுகளை மூடிவிட்டு மீதி இரண்டில் ஓடும். ஆக்டிவ் சிலிண்டர் டெக்னாலஜி என்பது அதன் பெயர். எப்போது மாறுகிறது என்று காலுக்குத் தெரியாது; மீட்டரில் பார்த்தால்தான் தெரியும்.

மைலேஜ் கணக்கு ஏமாற்றும்

சின்ன என்ஜின் குறைவாகக் குடிக்கும், பெரிய என்ஜின் அதிகமாகக் குடிக்கும் என்பது நம் எல்லாருக்கும் ஊறிப்போன நம்பிக்கை. காரின் அறிமுகத்தின்போது ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை அமைப்பின் சோதனையில் வந்த எண்கள் இவை: 1.0 மேனுவல் லிட்டருக்கு 19.40 கிலோமீட்டர், 1.0 ஆட்டோமேட்டிக் 18.12, 1.5 டிஎஸ்ஜி 18.67. பெரிய என்ஜினுள்ள ஆட்டோமேட்டிக், சின்ன என்ஜினுள்ள ஆட்டோமேட்டிக்கை விடக் கொஞ்சம் அதிகம் தருகிறது!

காரணம் கியர்பாக்ஸ். 1.0-இல் இருப்பது 6 கியர் டார்க் கன்வர்ட்டர். என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது. அந்த எண்ணெயில் கொஞ்சம் சக்தி கரைந்துபோகும். டிஎஸ்ஜியில் நேரடியாக கிளட்ச் பிடிக்கிறது, ஒரு கியரும் கூடுதல், மேலே சொன்ன சிலிண்டர் வித்தையும் சேர்ந்துகொள்கிறது.

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்த எண்கள்படி 1.0 மேனுவல் 773 லிட்டரும் 1.5 டிஎஸ்ஜி 803 லிட்டரும் குடிக்கும். 30 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். சோதனைக்கூட எண் ரோட்டில் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். நெரிசலில் இரண்டுமே மளமளவென்று கீழே இறங்கும். டர்போ பெட்ரோல் என்பதே காலைப் பார்த்துக் குடிக்கிற ஜாதி, 1.5-ஐ வாங்கிவிட்டு 1.0 போல ஓட்டுபவரை இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் மைலேஜுக்காக 1.0 எடுத்தேன் என்று ஒருவர் சொன்னால், மேனுவல் எடுத்தீர்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கியர்பாக்ஸ்தான் வழக்கு

1.5-உடன் வருகிற 7 கியர் டிஎஸ்ஜிக்கு டிக்யூ200 என்று பெயர். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7 ஆகிய கியர்களையும் மற்றொன்று 2, 4, 6 ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளும். இப்போது ஓடும் கியரில் ஒரு கிளட்ச் பிடித்திருக்கும்போதே அடுத்த கியர் மற்றதில் தயாராக இருக்கும். அதனால்தான் கியர் மாறுவதே தெரியாத அந்த வேகம். நெடுஞ்சாலையில் இதற்கு ஈடு சொல்ல இந்த விலையில் அதிகம் இல்லை.

ஆனால் இந்த இரண்டு கிளட்சும் எண்ணெயில் நனையாதவை, உலர் கிளட்ச். மேனுவல் காரில் இருப்பதைப் போலத்தான். நெரிசலில் நாம் மேனுவலில் அரை கிளட்சில் ஊர்ந்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும் ஆகும். நமக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கிளட்சை வழுக்கிக்கொண்டிருக்கும். வழுக்கினால் சூடு. அதிகம் சூடானால் மீட்டரில் எச்சரிக்கை வரும், வண்டியை ஓரம் கட்டி ஆறவிட வேண்டியிருக்கும். இன்னொன்று: டிக்யூ200 தாங்கும் டார்க்கின் எல்லை 250 என்எம். 1.5 என்ஜின் தருவதும் மிகச் சரியாக 250 என்எம். எல்லைக் கோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டியூனிங் கடைக்குப் போய் 'ரீமேப்' போட்டு, அதாவது என்ஜினின் மென்பொருளை மாற்றி, 300 என்எம் வாங்கலாம் என்று கனவு காண்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கட்டும்.

டிஎஸ்ஜியின் பெயர் உலக அளவில் அடிபட்டது உண்மை. 2013-இல் சீனாவில் மட்டும் 3.8 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களை இதற்காகத் திரும்ப அழைத்தார்கள். அதற்குப் பின் மாற்றங்கள் நடந்திருக்கின்றன. இன்றைய பெட்டியை அன்றைய பெட்டியோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் உலர் கிளட்சின் இயற்பியல் மாறவில்லை. சித்திரை வெயிலில் கிண்டியிலிருந்து பெருங்களத்தூர் வரை பொங்கல் விடுமுறை மாதிரி ஒரு கூட்டத்தில் சிக்கினால் சூடு ஏறத்தான் செய்யும். அப்படிப்பட்ட ரோட்டில் தினமும் போகிறவர் இரண்டு பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் உள்ள வண்டி நகர்ந்தவுடனே நகராமல் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரேயடியாக நகர வேண்டும். மேம்பாலச் சரிவில் நிற்கும்போது ஆக்சிலேட்டரைக் கொண்டு வண்டியைப் பிடித்து வைக்காமல் பிரேக்கில் நிற்க வேண்டும். இதில் எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கும், காலை எடுத்தாலும் வண்டியை நிறுத்தி வைக்கும் ஆட்டோ ஹோல்டும் கிடையாது. கையால் இழுக்கிற பழைய ஹேண்ட்பிரேக்தான். அதனால் கால்தான் வேலை செய்ய வேண்டும். நாம் இடைவெளி விட்டால் அதற்குள் ஒரு ஆட்டோவும் இரண்டு பைக்கும் புகுந்துவிடும் என்பது தெரியும். அதுதான் சென்னையில் இந்தப் பழக்கத்தின் விலை.

1.0-இன் டார்க் கன்வர்ட்டர் இந்த இடத்தில் ராஜா. ஊர்வதற்கென்றே பிறந்தது, எண்ணெய் வழுக்கும், தேய்மானம் கிடையாது. 1.0 என்ஜினின் அந்தக் கீழ்ச்சுற்றுப் பலவீனத்தையும் டார்க் கன்வர்ட்டர் ஓரளவு மறைத்துவிடுகிறது, ஏனென்றால் ஆக்சிலேட்டரைக் கொடுத்தவுடன் அது என்ஜினைக் கொஞ்சம் சுற்றவிட்டு டர்போ இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அதே என்ஜின், மேனுவலில் ஒரு குணம், ஆட்டோமேட்டிக்கில் வேறு குணம். ஓட்டிப் பார்க்காமல் இதை நம்புவது கஷ்டம். பதிலுக்கு என்ன இழக்கிறோம்? ஓவர்டேக் செய்ய ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் யோசித்துத்தான் கியர் இறக்கும். டிஎஸ்ஜி ஓட்டிவிட்டு வந்தவருக்கு அந்த யோசனை எரிச்சலைத் தரும். டார்க் கன்வர்ட்டரையே ஓட்டி வந்தவருக்கு ஒன்றும் தோன்றாது.

மூன்றாவது ஆள், 2023-இல் வந்த 1.5 மேனுவல். இந்தக் காரின் நான்கு சேர்க்கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெரிய என்ஜின் இருப்பதால் 1.0 மேனுவலில் படும் முதல்-கியர்-இரண்டாம்-கியர் அவஸ்தை இல்லை. உலர் கிளட்ச் பயமும் இல்லை. தேய்ந்தால் மெக்கானிக்குக்குத் தெரிந்த சாதாரண கிளட்ச். டிஎஸ்ஜியை விட விலையும் குறைவு. ஆனால் ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகிய மனைவியோ மகளோ அப்பாவோ வீட்டில் இருந்தால் என் ரசனையை ஓரமாக வைத்துவிடுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டுமே தொடும் கார், நின்றுகொண்டேதான் இருக்கும்.

மலையும் நெடுஞ்சாலையும்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. நான்கு பேர், டிக்கி நிறையப் பெட்டி, ஏசி என்று ஏறும்போதுதான் இரண்டு என்ஜினும் பிரிந்து நிற்கும். வளைவில் வேகம் 15-க்கு விழுந்துவிடும், 1.0 மேனுவலில் இரண்டாவது கியரை நம்பினால் வண்டி திணறும். முதலுக்கு இறக்க வேண்டும், பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். 1.5-இல் இரண்டாவதிலேயே வெளியே வந்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை மலை ஏறுபவருக்கு இது காரணமாகாது. கோவை, பொள்ளாச்சி, தேனிப் பக்கம் இருந்துகொண்டு மாதம் இருமுறை மேலே போகிறவருக்கு இது முக்கியம்.

இறக்கத்தில் கணக்கு வேறு. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது எந்த என்ஜின் என்பதை விட, கியரை இறக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறீர்களா என்பதே கேள்வி. ஜிடி பிளஸ் உட்பட எல்லா வேரியன்ட்டிலும் பின் சக்கரத்துக்கு டிஸ்க் இல்லை, பழைய பாணி டிரம் பிரேக்தான். முன்னால் சிவப்பு கேலிப்பர், பின்னால் டிரம். 150 பிஎஸ் காருக்கு இது கஞ்சத்தனம் என்று நினைக்கிறேன், பிரேக் பிடிக்காது என்பதற்காக அல்ல; பெர்ஃபார்மன்ஸ் என்று பெயர் வைத்துக் கூடுதலாக வாங்கும் பணத்துக்கு அதையாவது செய்திருக்கலாம்.

செங்கல்பட்டிலிருந்து திருச்சி வரையிலான நான்கு வழிச் சாலையில் 1.0 எந்த வகையிலும் குறைவில்லை. 100-இல் போகிற காருக்கு 115 பிஎஸ் தாராளம். 1.5 தன் காசைத் திரும்பக் கொடுப்பது இரண்டு வழிச் சாலையில்: எதிரே வண்டி வருவதற்குள் லாரியைத் தாண்ட வேண்டிய அந்தச் சில நொடிகளில். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் சிமென்ட் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருப்பு உடையில் ஒரு லிட்டர்

2024 அக்டோபரில் ஜிடி லைன் என்று ஒன்று வந்தது. கருப்புக் கிரில், கருப்புச் சக்கரம், முறைப்பான முகம். பெயரில் ஜிடி. உள்ளே 1.0 டிஎஸ்ஐ. கூடவே வந்த ஜிடி பிளஸ் ஸ்போர்ட்டில்தான் 1.5. 2013-இல் ஃபோக்ஸ்வேகனின் போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்த காலத்தில் அந்த இரண்டு எழுத்துக்கு இங்கே ஒரு மரியாதை இருந்தது: ஜிடி என்றால் மற்ற போலோவில் இல்லாத என்ஜின் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இப்போது அந்த உறுதி போய்விட்டது. தோற்றம் பிடித்து 1.0-ஐ வாங்குவதில் தவறே இல்லை, சொல்லப்போனால் புத்திசாலித்தனம்கூட. ஆனால் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்து ஏமாறாமல் ஆர்.சி. புக்கில் சிசி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 999 என்றால் 999தான்.

இதே பணத்துக்கு ஹூண்டாய் வெர்னா டர்போவும் இருக்கிறது; நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்வது. 160 பிஎஸ், 253 என்எம், அதற்கும் 6 கியர் மேனுவல் உண்டு. காகிதத்தில் ஜிடியை விட ஒரு படி மேல். உயர்ந்த வேரியன்ட்டில் ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு) எச்சரிக்கைகளும் உண்டு, விர்டுஸில் இல்லை. புனே அருகே சாக்கன் ஆலையில் இதோடு ஒட்டிப் பிறந்த ஸ்கோடா ஸ்லாவியாவோ என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் இதேதான்; முகம் வேறு, தள்ளுபடி வேறு. விர்டுஸ் ஜிடி கிடைக்கக் காத்திருக்கச் சொன்னால் ஸ்லாவியா ஷோரூமுக்கு ஒரு போன் போடுவதில் நஷ்டமில்லை.

யாருக்கு எது

சென்னை, கோவை போன்ற ஊருக்குள் தினமும் ஆபீஸ் போய் வருகிறவர், ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்பவர்: ஹைலைன் 1.0 ஆட்டோமேட்டிக். கையில் காசு இருந்தால் டாப்லைன். அந்த வாழ்க்கைக்கு ஜிடி டிஎஸ்ஜி எடுத்துத் தினமும் கிளட்ச் சூட்டைப் பற்றிக் கவலைப்படுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஓட்டத்தில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலை, வாரம் ஒருமுறை ஊருக்குப் போகிற வழக்கம், இடையில் இரண்டு வழிச் சாலை உண்டு என்றால் 1.5. மேனுவலுக்கு மனம் ஒத்துக்கொண்டால் மேனுவல். இல்லையென்றால் டிஎஸ்ஜி, நீட்டிக்கப்பட்ட வாரண்டியோடு சேர்த்து. அந்த வாரண்டிப் பணத்தைக் காரின் விலையாகவே எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடவேண்டிய செலவு அல்ல அது. கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதி பழுதானால் பில் லட்சத்தை நோக்கிப் போகும்.

உறுதியான உடம்பும் நல்ல சாலைப்பிடிப்பும் போதும், மற்றதெல்லாம் ஆடம்பரம் என்று நினைப்பவருக்கு கம்ஃபர்ட்லைன் மேனுவல் இருக்கிறது. ஷோரூமில் அதைக் காட்டவே தயங்குவார்கள், கேட்டு வாங்குங்கள். சூட்கேஸும் குழந்தைகளும் நிறைந்து மலை ஏறும் குடும்பத்துக்கு 1.0 மேனுவலை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது எந்த வேரியன்ட்டாக இருந்தாலும்.

டெஸ்ட் டிரைவில் பெரும்பாலும் ஷோரூம் வாசலில் தயாராக நிற்கிற வண்டியைக் கொடுப்பார்கள். அநேகமாக அது விலை கூடியதாக இருக்கும். "சார், என்ஜின் ஒன்னுதான் சார், கியர் மட்டும்தான் வேற" என்று சமாளிப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாங்கப்போகிற என்ஜின், வாங்கப்போகிற கியர்பாக்ஸ், இரண்டும் சேர்ந்த வண்டியே வரும் வரை இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வந்ததும் காலியான பைபாஸில் விரட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, 1.0-கூட அங்கே பறக்கும். வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு, ஏசியை முழுதாக வைத்து, மாலை ஆறு மணிக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஊர்ந்து, வழியில் ஒரு மேம்பாலச் சரிவில் நின்று கிளம்பி, ஒரு பெரிய ஸ்பீடு பிரேக்கரை இரண்டாவது கியரில் தாண்டிப் பாருங்கள். வீட்டில் அந்தக் காரை ஓட்டப்போகிற இன்னொருவரையும் ஓட்டச் சொல்லுங்கள். அவர் இறங்கி வந்து சொல்வதற்குப் பிறகு முன்பணம் கட்டலாம்.